ஆடிய திடலுக்கே திரும்பியவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க் தெருக் கூடைப்பந்து வீரர் ஏர்ல் மானிகால்ட் (1944–1998) பற்றிய கட்டுரையைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். ஆறடி ஓரங்குலமே உயரம் கொண்ட அவரைக் கூடைப்பந்து ஜாம்பவான் கரீம் அப்துல்-ஜப்பாரே வியந்து போற்றினார். ஹெராயினும் சிறையும் அந்தத் திறமையை விழுங்கியதைக் கட்டுரை உருக்கமாகச் சொன்னது. பிற்பாதியை இரண்டே வரியில் முடித்துவிட்டதில்தான் எனக்கு வருத்தம். போதையிலிருந்து மீண்டு, தாம் ஆடிய திடலிலேயே சிறுவர்களுக்குப் போட்டி நடத்தியவர் அவர். அவருடைய ஆகப் பெரிய ஆட்டம் அதுதான் என்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகனுடன் நியூயார்க்கின் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவிலுள்ள அந்தத் திடலுக்குச் சென்றிருந்தேன். மழை விட்ட நேரம். ஒரு சிறுவன் சட்டையைக் கழற்றி, வளையத்தின் கீழ் தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட்டுப் பந்தைத் தட்டத் தொடங்கினான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஒரு நாளும் ஆடாத மானிகால்ட்டின் ‘கோட்’ (Goat) என்ற பட்டப்பெயரால்தான் மக்கள் அவ்விடத்தைக் ‘கோட் பார்க்’ என்கிறார்கள். மீண்டெழுந்த அந்த ஆண்டுகளைத் தனிக் கட்டுரையாகத் தாங்கள் வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி