பின்கட்டு பேக்கரியும் பக்கத்து வீட்டுப் புகாரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடியிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய ஒரு செட்டிநாட்டுப் பேரூரில் குடியிருப்பவன் நான். எங்கள் தெருவில், பழைய வீடொன்றின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து ஒருவர் சிறிய பேக்கரி நடத்தி வருகிறார். புகையும் சத்தமும் படியை மறிக்கும் வண்டிகளும் தொல்லையாக இருக்கின்றன, அந்தப் பேக்கரியை மூட வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் நால்வர் பேரூராட்சியில் புகார் கொடுத்திருக்கிறார்கள். மூடக் கூடாது என்று ஊரில் பலர் கூடிக் கையெழுத்துப் போட்டு இன்னொரு மனு கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனாலும், கையெழுத்துப் போட்ட பிறகு நான் நேரில் பார்த்தும் கேட்டும் அறிந்தவை அந்த மனுவோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்து வீடுகளின் அமைப்பு தெரியாதவர்களுக்கு இந்தத் தகராறு விளங்காது. முகப்பு ஒரு தெருவில் இருக்கும். அங்கிருந்து வளவு என்னும் முற்றத்துக் கட்டு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு ஒரே நேராக நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் போய் முடியும். ஒரு வீட்டு அடுப்படிச் சுவரை ஒட்டியே பக்கத்து வீட்டு அடுப்படியும் இருக்கும். நடுவில் ஆள் நுழையக்கூட இடம் இராது. கல்யாணம், சாந்தி என்றால் ஊரே உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்கு அந்தப் பின்கட்டுகளில் கோட்டை அடுப்பு எரிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். “அப்போது வராத புகையா இப்போது வந்துவிட்டது?” என்று எங்கள் மனுவில் ஒரு வரி இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாண அடுப்பு நாலைந்து நாளில் அணைந்துவிடும். ரொட்டி அடுப்பு வருஷம் முழுவதும் எரிகிறது. அந்த வரியை எழுதியவர் பேக்கரிக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறார்.

பேக்கரியின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. விடியற்காலை முதல் பேருந்துக்குப் போகிறவர்கள் கையில் சூடான பன் இருப்பது இந்தப் பேக்கரியால்தான். ஊரிலுள்ள டீக்கடைகள் அத்தனைக்கும் பன்னும் ரஸ்க்கும் இங்கிருந்துதான் தட்டில் போகின்றன. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் பாலில் தோய்த்துக் கொடுக்க ஒரு ரொட்டி வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினாலும் அந்த மனிதர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார். இளைஞர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டு, வீட்டுக்கொரு முதியவர் காவலுக்கு இருப்பது போல ஆகிவிட்ட ஊரில், சாயங்காலம் நாலு பேர் நின்று பேசும் இடமென்று மிஞ்சியிருப்பது அந்தப் பின்வாசல் ஒன்றே. இவையெல்லாம் உண்மை. ஆனால் பக்கத்து வீட்டு முற்றத்தில் கரி விழுவதற்கு இவற்றில் எதுவும் பதிலாகாது.

புகார் கொடுத்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்கு நானே போனேன். முதல் நாள் இரவு என்னுடைய வெள்ளைத் துண்டு ஒன்றை அவர் வீட்டு முற்றத்துக் கம்பியில் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் எடுத்தபோது, துண்டு முழுவதும் மிளகைத் தட்டித் தூவியது போலப் புள்ளிகள் இருந்தன. ஒன்றை விரலால் தட்டிவிடப் பார்த்தேன். அது உதிராமல் எண்ணெய்க் கரியாக இழுபட்டு நூலுக்குள் இறங்கிவிட்டது. ஆச்சி கோபமாக ஒன்றும் பேசவில்லை. “தம்பி, நானும் அவன் பன்னைத்தான் திங்கிறேன். எனக்கு அவன்மேல் என்ன பகை? ராத்திரி மூணு மணிக்கு மேல் நெஞ்சு அடைக்குது, அதைத்தான் சொன்னேன்,” என்றார். ஆத்தங்குடிக் கல் பதித்த அவருடைய தரையைத் தினமும் இரண்டு முறை துடைக்க வேண்டியிருக்கிறதாம். துடைப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை என்பது இன்னொரு கதை.

அங்கிருந்து நேரே பேக்கரிக்குப் போனேன். செங்கல் அடுப்பு, எங்கள் வட்டாரத்தில் கண்மாய்க்குள்ளும் கரம்பிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல விறகுதான் எரிபொருள். காய்ந்த கருவேலம் அவ்வளவாகப் புகையாது. ஆனால் மழைக்காலத்தில் ஈர விறகுதான் வந்து சேர்கிறது. அதைப் பற்றவைப்பதற்கு, வீடு இடிக்கும் இடங்களில் மலிவாகக் கிடைக்கும் பழைய பலகைகளையும் அவர் வாங்கிப் போட்டிருந்தார்; அவற்றில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னல் சட்டம் ஒன்றையும் என் கண்ணால் பார்த்தேன். பெயிண்ட் அடித்த மரத்தை எரித்தால் வரும் புகை வெறும் விறகுப் புகையைவிடக் கெடுதலானது. புகைபோக்கியின் வாயோ ஆச்சி வீட்டு ஓட்டு இறவாரத்துக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. அதைச் சுட்டிக் காட்டியபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆகவே புகையைப் பற்றிய புகார் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சத்தத்தைப் பற்றிய புகார் பாதி நியாயம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலியளவு 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். மாவு பிசையும் எந்திரம் அதிகாலை மூன்று மணிக்கு ஓடத் தொடங்குகிறது. இரவு பத்து மணிக்கு முன்பே பிசைந்து வைத்தால் என்ன என்று கேட்டேன். “கோடையில மாவு காத்திருக்காது ஐயா, பொங்கிப் புளிச்சுப் போயிடும்,” என்றார். ஈஸ்ட்டைக் குறைத்து, ஐஸ் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு மெதுவாகத்தான் எழும்பும் என்பது அவருக்கும் தெரியும். சித்திரை, வைகாசியில் அது கைகொடுக்காது என்பது அவர் அனுபவம். தொழில் தெரிந்தவர் சொல்வதை நான் மறுக்க முடியாது. ஆனால் ஆச்சி வீட்டுச் சுவர் ஓரமாக விடியற்காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து நான் கேட்டதில், எந்திரம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. திடுக்கிட வைத்தது அவ்வப்போது சிமெண்டுத் தரையில் தகர டிரே விழுந்த சத்தம்தான். எந்திரத்தின் காலுக்கு ரப்பர் கட்டையும், டிரே வைக்கும் இடத்தில் பழைய ரப்பர் விரிப்பும் போட்டால் பெரும்பகுதி குறைந்துவிடும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் படியை மறித்து இரு சக்கர வண்டிகள் நிற்கின்றன என்பது மூன்றாவது புகார். அந்தக் குற்றம் பேக்கரிக்காரருடையதல்ல, வண்டியை நிறுத்துகிற நம்முடையது.

நான்காவதாக ஒன்றை எழுத்தில் தராமல் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். புகார்தாரர்களில் ஒருவர் தம் பூர்வீக வீட்டைப் புதுப்பித்துச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக்கிக்கொண்டிருக்கிறார். செட்டிநாட்டு வணிகர் ஊர்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டதை எடுத்துக்காட்டி, அப்படிப்பட்ட தெருவில் பேக்கரி இருப்பது பொருத்தமில்லை என்கிறார். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பட்டியலில் இடம் பெற்றவை ஊர்களும் தெருக்களும். அவற்றில் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் அவை ஊர். பூட்டிய வீடுகளின் வரிசையைப் பார்ப்பதற்கு எந்தப் பயணி வருவார்? அவருடைய விருந்தினர்களுக்குக் காலையில் ரொட்டி எங்கிருந்து வரப்போகிறது என்றும் அவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்ற ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். “பேக்கரி முதலில் வந்தது, வீட்டைப் புதுப்பித்தவர் பிறகுதான் வந்தார்” என்பதை எங்கள் தரப்பினர் பெரிய ஆயுதமாக நினைக்கிறார்கள். சட்டத்தில் அது செல்லாது என்பதை அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 1879-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு மிட்டாய்த் தயாரிப்பாளருக்கும் பக்கத்து வீட்டு மருத்துவருக்கும் நடந்த ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மிட்டாய்க்காரர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உரலில் இடித்துவந்தவர். மருத்துவர் தம் தோட்டத்துக் கோடியில் நோயாளிகளைப் பார்க்கும் அறையைக் கட்டிய பிறகுதான் இடிக்கும் சத்தம் அவருக்குத் தொல்லையானது. ஆனாலும் மருத்துவர் பக்கமே தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பில், ஓரிடத்தில் தொல்லை எனப்படுவது எல்லா இடத்திலும் தொல்லையாகிவிடாது, அந்தப் பகுதியின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்ற கருத்தும் இருக்கிறது. எங்கள் தெரு குடியிருப்புத் தெரு என்பதால் அதுவும் பேக்கரிக்கு அவ்வளவாக உதவாது.

மறுபக்கம், பொதுத்தொல்லை என்று கோட்டாட்சியரிடம் போவதாகச் சொல்லும் புகார்தாரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒரு தொழில் அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்கோ சுகத்துக்கோ கேடு செய்தால், அதைத் தடை செய்யவோ ஒழுங்குபடுத்தவோ அந்தப் பிரிவு இடம் தருகிறது. “ஒழுங்குபடுத்த” என்ற அந்தச் சொல்லை நால்வரின் மனுவிலும் தேடினேன், எங்கள் மனுவிலும் தேடினேன், இரண்டிலும் இல்லை. அவர்களுக்கு மூட வேண்டும், எங்களுக்குத் தொடக் கூடாது.

என்ன செய்யலாம் என்பதற்கு வெளியூரில் வழி காட்டியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. உடனே பூட்டச் சொல்லவில்லை, தவணை கொடுத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2016-ஆம் ஆண்டு வகைப்பாட்டில், நாளொன்றுக்கு ஒரு டன்னுக்குக் குறைவாக எரிவாயு அல்லது மின் அடுப்பில் சுடும் பேக்கரிகளை மாசு குறைந்த பச்சை வகையில் சேர்த்தது. எங்கள் ஊர்ப் பேக்கரி ஒரு டன்னைக் கனவில்கூடப் பார்த்ததில்லை. அடுப்பு மாறினால் புகார் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

அடுப்பை மாற்றப் பணம் வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கான சிலிண்டர்தான் வைக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது. புது அடுப்பு, குழாய், இணைப்பு என்று எல்லாம் சேர்த்தால் அவருடைய சக்திக்கு மீறிய தொகை. ஏன் இதுவரை மாற்றவில்லை என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல், மேசை அறையிலிருந்து நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். டீக்கடைப் பாக்கி, பிறந்தநாள் கேக் பாக்கி, திருவிழாவுக்கு வாங்கிய பன் பாக்கி என்று பக்கம் பக்கமாக இருந்தது. அவருக்காகக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களில் கணிசமானவற்றை அந்த நோட்டிலும் பார்த்தேன். என் பெயரும் இருந்தது. பேரப்பிள்ளைகள் வந்தபோது வாங்கியது, மறந்தே போய்விட்டது. அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஆதரவு மனுவில் கையெழுத்திட்ட மற்றவர்களும் இந்த மாதத்துக்குள் தங்கள் பாக்கியைத் தீர்த்தால், அடுப்புக்கான முன்பணமாவது அவர் கையில் சேரும். மீதியை டீக்கடைக்காரர்கள் மூன்று மாத ரொட்டிக் காசாக முன்கூட்டியே கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்று இருவர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பேரூராட்சிச் செயல் அலுவலர் இன்னும் சில நாளில் இடத்தைப் பார்வையிட வருவதாகத் தெரிகிறது. உரிமத்தை ரத்து செய்யாமல், புகைபோக்கியைப் பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே உடனே உயர்த்தவும், ஆறு மாதத்துக்குள் விறகு அடுப்பை நிறுத்தவும், அதுவரை ஈர விறகும் பெயிண்ட் பலகையும் எரிக்காமலிருக்கவும் நிபந்தனை விதித்து எழுத்தில் உத்தரவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக அவரைக் கேட்டுக்கொள்கிறேன். பார்வையிட வரும்போது அவர் பேக்கரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், விடியற்காலை நாலு மணிக்கு ஆச்சி வீட்டு முற்றத்திலும் சிறிது நேரம் நிற்க வேண்டும்; உத்தரவின் நகல் ஒன்றை ஆச்சிக்கும் கொடுக்க வேண்டும். பெயிண்ட் பலகையை இனி அடுப்பில் வைப்பதில்லை என்று பேக்கரிக்காரர் என்னிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பச்சை ஜன்னல் சட்டம் நேற்று வரை பின்வாசல் ஓரத்தில்தான் கிடந்தது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
சிவகங்கை மாவட்டம்.