கலிலேயோவை விடுங்கள், 1215-ஐப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபையின் ஆதிக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்களை அச்சத்தில் வைத்தே திருச்சபை ஆண்டது என்பதற்குக் கட்டுரையாளர் காட்டும் முதல் சான்று கலிலேயோ. அவர் மீதான விசாரணை நடந்தது 1633-இல். இடைக்காலம் முடிந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 30 ஆண்டுகள் வரலாறு நடத்தியவனுக்கு இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அச்சம் இருந்தது, சுமையும் இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகமாகத் திருச்சபைக்குப் போயிற்று. தானியம் மட்டுமல்ல, ஆட்டுக்குட்டி, கம்பளி வரைக்கும். பல ஊர்களில் அதன் பெரும்பகுதி உள்ளூர்ப் பங்குச்சாமியாருக்குக்கூடக் கிடைக்காமல் எங்கோ இருந்த மடத்துக்குச் சேர்ந்தது.

ஆனால் கட்டுரையில் 1215 பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஆண்டு பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் ரோமில் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்தை, அதாவது திருச்சபைத் தலைவர்களின் பேரவையை, கூட்டினார். அதுவரை, சாட்சி இல்லாத வழக்கில் கடவுளே தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்திச் சில அடி நடக்க வேண்டும். கையைக் கட்டி மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. இன்னொரு முறை, ஆளைக் கட்டித் தண்ணீரில் இறக்குவது. மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. (மூழ்கியவரை மேலே இழுக்கக் கயிறு உண்டு என்று சொன்ன பிறகுதான் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூச்சு வரும்.)

இரும்பையும் தண்ணீரையும் மந்திரித்துக் கொடுத்தவர் குருவானவர். இனி எந்தக் குருவும் அதைச் செய்யக் கூடாது என்றது சங்கம். மந்திரிக்காத இரும்பு வெறும் இரும்புதானே! 1219-இல் இங்கிலாந்து அரசு தன் நீதிபதிகளிடம் இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஊரார் சிலரைக் கூட்டி, இவன் குற்றவாளியா என்று கேட்கும் ஜூரி முறை குற்ற வழக்குகளில் அங்கே வேரூன்றியது அதற்குப் பிறகுதான். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் ஒப்புதல் வாக்குமூலத்துக்கு மதிப்புக் கூடியது, சித்திரவதை உள்ளே வந்தது. திருச்சபையின் போதனைக்கு மாறாக நம்பியவர்கள் மீதான மதபேத விசாரணைகளில் அதற்கு 1252-இல் அனுமதி கொடுத்தவரும் ஒரு பாப்பரசர்தான், நான்காம் இன்னசென்ட்.

யூதர்களும் முஸ்லிம்களும் தங்களைப் பிரித்துக் காட்டும் உடை அணிய வேண்டும் என்று விதித்ததும் இதே 1215 சங்கம். கட்டுரையாளர் இதை எடுத்துக்காட்டியிருந்தால் அவருடைய வாதம் இன்னும் வலுவாக நின்றிருக்கும்.

ரகசியத் திருமணங்களைத் தடுக்க, மணமக்கள் பெயரைக் கோவிலில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்ற விதியைத் திருச்சபை முழுமைக்கும் பொதுவாக்கியதும் அந்தச் சங்கமே. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலிலும் பூசையில் சாமியார் இந்த அறிவிப்பை, அதாவது கல்யாண ஓலையை, வாசித்தார். என் பேத்தியின் கல்யாணத்துக்கு வாசித்த இரண்டாவது ஓலை அது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை