காலிக் கோட்டையில் குடை தந்த பெரியவருக்கு

போன ஞாயிறு இலங்கையின் காலி நகரில் உள்ள கோட்டையில் மழை பிடித்துக்கொண்டது. பழைய வாசலில் ஒதுங்கி நின்றோம். "பிள்ளை நனையுதே" என்று தன் குடையை நீட்டினார் ஒரு பெரியவர். தமிழ் கேட்டதும் அம்மாவுக்கு உயிர் வந்தது.

மழை விட்டதும் வாசலின் உள்பக்கம் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னார். ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், 1669ஆம் ஆண்டு பொறித்தது. இரண்டு சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல்! நாங்களாக இருந்தால் கவனிக்காமலே போயிருப்போம். 2004 சுனாமியில் இந்த மதில்தான் உள்ளே இருந்தவர்களைக் காத்தது என்று சொன்னபோது, அவர் கை ஈரக் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தது.

அப்புறம் குடையைத் திரும்ப வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை ஐயா. ரொம்ப நன்றி. குடை எங்கள் வீட்டுக் கதவோரம் பத்திரமாக இருக்கிறது.