கொடுப்பது மட்டுமா எங்கள் வேலை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் வைத்தியசாலைகளின் நெரிசல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வசனம் வருகிறது: "மருந்தைப் பற்றி விளக்குவது டொக்டரின் வேலை, அதைக் கொடுப்பது மட்டுமே தாதியரின் வேலை." நீங்களும் அதை வாசித்த பிறகுதானே அச்சுக்கு விட்டிருப்பீர்கள். 33 வருடம் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். ஞாயிறு தொடங்கி மனம் ஆறவில்லை.

வைத்தியசாலை விடுதியில் மருந்து எழுதுபவர் ஒருவர், பாமசியில் எடுத்துத் தருபவர் இன்னொருவர். அது நோயாளியின் வாய்க்குள்ளோ நரம்புக்குள்ளோ போக முன்னர் கடைசியாகப் பார்க்கிற கண் மிஸியுடைய, அதாவது தாதியுடைய கண். அவளும் தவறவிட்டால் அதற்குப் பிறகு மறிக்க ஆளில்லை. பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே எங்களைப் பாடமாக்க வைத்தது இதைத்தான்: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். 'கொடுப்பது மட்டும்' என்று உங்கள் கட்டுரையாளர் சொல்கிற வேலைக்குள் இந்த ஐந்தும் இருக்கின்றன.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாம் வருடம். ஒரு வயது போன அம்மாவுக்கு இன்சுலின் எழுதியிருந்தது. நாலுக்குப் பக்கத்தில் யூனிற் என்பதைக் குறிக்கிற ஆங்கில 'யூ' எழுத்து. எழுதிய அவசரத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிப் பூச்சியம் போலக் கிடந்தது. பார்த்தால் 40. அம்மாவோ அன்று காலை பாதிப் புட்டைக்கூடச் சாப்பிடவில்லை. டொக்டரிடம் போய்க் கேட்டேன். இத்தனை பேர் நிற்கிற விடுதியில், "உமக்கு மருந்து படிப்பிக்க எனக்கு நேரமில்லை, எழுதினதைக் குடும்" என்றார். நான் குடுக்கவில்லை. அதற்கு முந்திய நாள் மருந்து அட்டையை எடுத்துக் கொண்டுபோய்த் திரும்பவும் அவர் முன்னால் வைத்தேன். அதில் 4 யூனிற். பேசாமல் வாங்கித் திருத்தி எழுதினார். 40 போட்டிருந்தால் அந்த அம்மா மத்தியானத்துக்குள் சீனி இறங்கி நினைவிழந்திருப்பார். யூனிற் என்ற சொல்லை முழுதாக எழுத வேண்டும், 'யூ' என்று சுருக்கக் கூடாது என்று இன்றைக்கு எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அன்றைக்கு அதைச் சொன்ன நான் வாய்க்காரி. உங்கள் இதழின் அந்த வசனத்தை வாசித்தபோது அதே குரல் மறுபடியும் காதில் கேட்டது.

நாங்களும் பிழை விடாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் பிழை ஒன்றையும் எழுதுகிறேன். விழுங்க முடியாத ஒரு ஐயாவுக்கு பிரஷருக்குரிய நிபெடிபின் குளிசையை அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் குடுத்தேன். அது மெல்ல மெல்லக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்கிற வகைக் குளிசை. அரைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். அரை மணித்தியாலத்தில் அவருடைய பிரஷர் விழுந்து ஆள் வியர்த்துச் சோர்ந்து போனார். கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, சேலைன் ஏற்றி, அன்று இரவு முழுவதும் அவர் பக்கத்திலேயே நின்றேன். பிழைத்துவிட்டார். எந்தக் குளிசையை அரைக்கலாம், எதை அரைக்கவே கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பயிற்சி முடித்து வெளியே வந்த பிறகு புது மருந்துகள் வந்துகொண்டே இருந்தன, எங்களை இருத்தி வைத்துப் படிப்பித்தது குறைவு. போகப்போக நானாகத் தேடிப் படித்தேன். இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகளும் அப்படித்தான் தேடிப் படிக்கிறார்கள், அதுவும் இரவு டியூட்டி முடிந்து வந்த கண்ணோடு. தாதியருக்கு மருந்தறிவு போதாது என்று யாராவது எழுதினால் கோபப்பட மாட்டேன், சேர்ந்து கேட்போம் என்பேன். அந்த அறிவே எங்களுக்குத் தேவையில்லை என்பதுபோல எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்புறம் நோயாளிக்குச் சொல்லிக் குடுக்கிற வேலை. துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிற நாள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஓட்டோ வாசலில் நிற்கும். மகன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு முன்னே போய்விடுவார். அம்மாவின் கையில் ஆறேழு மருந்து உறைகள். "பிள்ளை, இதுகளை எப்ப குடிக்கிறது?" என்று அவர் கேட்பது டொக்டரிடம் அல்ல, எங்களிடம். தைரொக்சினை விடியக் காலமை வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்றாகக் குடுக்கிற அலென்ட்ரோனேற்றை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு குடித்துவிட்டு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். ஆஸ்துமா இழுப்புக்கு ஸ்டீரொயிட் பம்ப் அடித்தால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இன்சுலின் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ் கட்டுகிற தட்டில் வைத்தால் அது பிறகு உதவாது. இத்தனையையும் ஓட்டோக்காரர் ஹோன் அடிக்க முன்னர் சொல்லி முடிக்க வேண்டும். சொன்னது விளங்கியதா என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும். தலையாட்டினால் விளங்கியது என்று விட்டுவிட முடியாது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பெட்டியில் கொசார் என்று போட்டிருக்கும். கிளினிக்கில் குடுத்தது லொசாட்டன். இரண்டும் ஒரே மருந்து. பெயர் வேறு என்றபடியால் இரண்டையும் குடித்துவிட்டுத் தலை சுற்றி விழுந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தது அந்தக் கிளினிக்கில் நின்ற மிஸி.

போன வருடம் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நடந்ததையும் சொல்ல வேண்டும். மூட்டுவாதம் உள்ள ஒரு அக்காவுக்கு மெதோட்ரெக்சேற் குடுத்திருந்தார்கள். கிழமைக்கு ஒரு நாள் மட்டும் மூன்று குளிசை. உறையில் 'வீக்லி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மற்றக் குளிசைகளைப் போல இதையும் ஒவ்வொரு நாளும் குடித்திருக்கிறார். ஆறாம் நாள் வாயெல்லாம் புண், இடியப்பம்கூட இறங்கவில்லை என்று என்னிடம் வந்தார். உறையைப் பார்த்ததும் என் கை நடுங்கியது. உடனே கூட்டிக்கொண்டு ஓடினோம். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து போயிருந்தன. மாற்று மருந்து ஏற்றி, மூன்று கிழமை விடுதியில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். 'கிழமைக்கு ஒரு நாள்' என்று தமிழில் எழுதியிருந்தால், அல்லது யாராவது அரை நிமிடம் நின்று சொல்லியிருந்தால், அந்த மூன்று கிழமையும் இல்லை.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் படித்தார், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். உங்கள் பத்திரிகைக்கு இது புதிய செய்தியல்ல. அப்படிப்பட்ட மண்ணில் இன்றைக்கும் மருந்து உறையில் ஒரு தமிழ் வரிக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் மருந்தால் வருகிற, தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்கை ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2017 இல் இலக்கு வைத்தது. 2022 செப்டெம்பர் 17 இல் வந்த உலக நோயாளர் பாதுகாப்பு தினத்தின் கருப்பொருளும் மருந்துப் பாதுகாப்புத்தான். மே 12, தாதியர் தினம் வந்தால் எங்களுக்குப் பூச்செண்டும் படமும் தருகிறீர்கள், அதற்கு நன்றி. அதைவிட, மருந்துத் தள்ளுவண்டியோடு நிற்கிற மிஸியை இடையில் கூப்பிட வேண்டாம் என்று பார்வையாளர்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

நான் கேட்பது இரண்டு விடயம். அந்த வசனத்துக்கு அடுத்த ஞாயிறு ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அப்புறம், கிழமைக்கு ஒரு தரம் இரண்டு அங்குல இடம் தாருங்கள். எந்தக் குளிசையை எப்போது, எப்படிக் குடிப்பது என்று தமிழில் எழுதித் தருகிறேன், காசு ஒன்றும் வேண்டாம். அச்சுக்குப் போக முன்னர் நீங்கள் ஒரு டொக்டரிடமும் மருந்தாளரிடமும் காட்டிச் சரிபார்க்கலாம். முதலாவது மெதோட்ரெக்சேற் பற்றியதாக இருக்கட்டும். எந்தக் கிழமை நாளில் குடிப்பது என்பதைக் கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
கோண்டாவில்.