இரவு அலவன்ஸைத் திரும்பக் கொடுங்கள்: எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

போன புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, இரவு ஷிப்ட் முடிந்த கையோடு எங்கள் நாற்பது பேரையும் கேன்டீனில் உட்காரவைத்து, வருமானத்தையும் மகிழ்ச்சியையும் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு நடத்தினீர்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டி, ஓர் அளவுக்கு மேல் சம்பளம் ஏறினாலும் மகிழ்ச்சி ஏறாது, நோபெல் பரிசு வாங்கியவர்களே கண்டுபிடித்துச் சொன்னது என்றபோது எங்கள் வரிசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. இரவு அலவன்ஸை மார்ச் மாதம் ஏன் நிறுத்தினீர்கள் என்று நாங்கள் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. அதற்கான பதில் இந்தப் பேச்சுதானா?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஓர் இரவுக்கு 15 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வந்தீர்களே, அதைத் திரும்பக் கொடுங்கள்.

அந்த ஆய்வை வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது, பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். 2010இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் எழுதியது. அவர்கள் சொன்ன அளவு ஆண்டுக்கு 75,000 அமெரிக்க டாலர், அதுவும் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் வருமானம். மாதத்துக்குப் பிரித்தால் 6,250 டாலர், நம் காசுக்கு 8,000 வெள்ளி பக்கம் வரும். என் சம்பளம் 2,400. மசேநிக்கு, அதாவது மத்திய சேம நிதிக்கு, 480 போய்க் கைக்கு வருவது 1,920. மனைவி ஒரு சாப்பாட்டுக் கடையில் அரை நாள் வேலை பார்த்துக் கொண்டுவரும் 1,100ஐச் சேர்த்தாலும் அந்த அளவில் பாதியைக்கூட நாங்கள் தொடவில்லை. பாதி வழியில் நிற்பவர்களைக் கூப்பிட்டு உச்சியில் ஒன்றும் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

அதுவும் அன்றாட மனநிலைக்கு மட்டும்தான் அந்த அளவு. தன் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று ஒருவர் தானே போடும் மதிப்பெண் அதற்கு மேலும் ஏறிக்கொண்டுதான் போகிறது என்று அதே கட்டுரையில் இருக்கிறது. அப்புறம் 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர், வேலை பார்க்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கைப்பேசி வழியாகவே கேட்டுப் பார்த்தார். 75,000இல் எதுவும் நின்றுவிடவில்லை. 2023இல் கானமனே அவரோடும் பார்பரா மெல்லர்ஸோடும் சேர்ந்து கணக்கைத் திரும்பப் போட்டார். பெரும்பாலோருக்கு வருமானம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுகிறது, மிகவும் மனம் நொந்திருக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் 100,000 டாலர் வாக்கில் நின்றுபோகிறது என்று வந்தது. பேச்சில் இது ஏன் வரவில்லை?

முதல் கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருந்தது. நோய், தனிமை, மணமுறிவு என்று எந்தக் கஷ்டம் வந்தாலும் வருமானம் குறைந்தவருக்கு அதன் வேதனை கூடுதலாக இருக்கிறதாம். மகள் அதைப் படித்துச் சொன்னபோது நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஏப்ரலில் உடைந்தது. வேர் சிகிச்சை செய்து உறை போடவேண்டும் என்றார் பல் மருத்துவர். மருத்துவச் செலவில் அரசாங்கம் கைகொடுக்கும் சாஸ் அட்டையில் கழிவு கிடைக்கும், அது போக மிச்சத்தை நான்தான் கட்டவேண்டும். மாதம் பன்னிரண்டு இரவு என்றால் அலவன்ஸ் 180 வெள்ளி, மசேநி போகக் கையில் 144. அந்த 144 வந்துகொண்டிருந்தால் இதற்குள் பல் வேலையைத் தொடங்கியிருப்பேன். இப்போது வலப்பக்கமாகவே மென்று சாப்பிடுகிறேன். குளிர்க்கிடங்கில் யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தால் போதும், காற்று பட்டுச் சுளீர் என்கிறது, அதனால் கையை ஆட்டித்தான் கூப்பிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கிராம்பை அடக்கிக்கொண்டு பேலட் எண்ணும்போது கணக்குத் தவறுகிறது, திரும்ப எண்ணுகிறேன். தூக்கமில்லாமல் வீட்டுக்கு வந்தால் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது. சோற்றைச் சிந்திவிட்டான் என்று மகனிடம் கத்தினேன், அவன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். கை வளையலைச் சிராங்கூன் சாலையில் அடகு வைத்துப் பல்லைப் பாருங்கள் என்றாள் மனைவி. பொங்கலுக்கு முன்னால்தான் மீட்ட வளையல் அது. வேண்டாம் என்று நானும், வைத்தே ஆகவேண்டும் என்று அவளும், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவதென்றால் இதைப் பற்றித்தான் பேசவேண்டும்.

பணம்தான் எல்லாம் என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளைகளோடு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் உட்கார்ந்திருக்க ஒரு காசும் வேண்டாம், அது எனக்குத் தெரியும். ஆனால் பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியபோது யாரும் எங்களை உட்காரவைத்து மனதைத் திடப்படுத்தவில்லை, நாங்களே சமாளித்துக்கொண்டோம். இப்போது மட்டும் ஏன் இத்தனை அக்கறை? பழப்பை வருகிறது, நடைப்போட்டி வருகிறது, மூச்சுப் பயிற்சி வருகிறது. அவற்றுக்கெல்லாம் செலவழிக்க முடிகிறது.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நம் மேலாளர் ஒருவர் என் தோளைத் தட்டி, போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று தமிழிலேயே சொன்னார். என் அம்மாவும் அதைச் சொல்வார். அரிசி குறைந்த நாளில் தன் தட்டைப் பார்த்துச் சொல்வார். எங்கள் தட்டைப் பார்த்து ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னித்துவிடுங்கள். ஒன்பது வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், வேறு இடம் தேட மனமில்லை. தயவுசெய்து அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து இரவு அலவன்ஸைத் திரும்பக் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், நாற்பது பேரும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் சரி. பல் மருந்தகத்தில் தேதி கேட்டால் அடுத்த வாரமே கொடுப்பார்கள். உங்கள் பதிலுக்காகத்தான் கேட்காமல் இருக்கிறேன்.

நன்றியுடன்,
இரவு ஷிப்ட் ஊழியர் ஒருவர்