பரண் சாமான்

வேலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் பரண். அம்மாவுக்கு வருஷ திதி முடிந்ததும் கொசப்பேட்டை வீட்டை வாடகைக்கு விடலாம் என்று காலி செய்ய ஆரம்பித்தேன். பரண் மட்டுமே நாலு நாள் வேலை வாங்கிவிட்டது.

அம்மா எதையும் தூக்கிப் போட மாட்டாள், உனக்கே தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டில்கள், மஞ்சள் பைகள், பழைய சட்டைகளில் அறுத்தெடுத்த பொத்தான்கள் ஒரு பவுடர் டப்பா நிறைய. அப்புறம் அந்தக் கரிகிரி ஜாடி. பச்சை மெருகு வாயோரத்தில் உதிர்ந்து உள்மண் தெரிகிறது. மூடியைத் திறந்தால் இன்னமும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை. வாயைச் சுற்றிக் கட்டும் வெள்ளைத் துணியை நாலாய் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறாள்.

நீ எழுதியிருந்த சோங் டோங் அப்போதுதான் ஞாபகம் வந்தார். தேடிப் பார்த்தேன். வீடியோ, நிகழ்த்துகலை, பொருள்களை இடம் நிறையப் பரப்பி வைக்கும் நிர்மாணக் கலை என்று எல்லாம் செய்கிற சீனக் கலைஞர். 1995-லிருந்து கல்மேல் தண்ணீரால் டைரி எழுதுகிறாராம். எழுத எழுதக் காய்ந்துவிடும். (பாலாற்றங்கரையில் வளர்ந்த நமக்கு இதில் என்ன ஆச்சரியம்!) 2002-ல் அப்பா இறந்ததும் அவருடைய அம்மா சாவோ சியாங்யுவான் சாமான் சேர்ப்பதிலேயே மூழ்கிவிட்டார். மகன் சண்டை போட்டுப் பார்க்காமல் அம்மாவையே கூட்டாளியாக்கிக்கொண்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை இருவருமாக வகை பிரித்து 2005-ல் பெய்ஜிங்கில் பரப்பி வைத்தார்கள். தீர்ந்த பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, செருப்பு, சோப்புக் கட்டி. சோப்பு ரேஷனில் கிடைத்த காலத்தில் மிச்சம் பிடித்து மகனுக்கென்று எடுத்து வைத்த கட்டிகள் அவை. அவரோ வாஷிங் மெஷின் காலத்து ஆள். 2009-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வரை அத்தனையும் போயிருக்கிறது.

எனக்கு உறைத்தது ஒரே விஷயம். பெய்ஜிங்கில் அந்த அம்மாவும் சாமான்களோடு இருந்து, வந்தவர்களிடம் கதை சொல்லியிருக்கிறார். நான் ஒரு வருஷம் தாமதம்.

பரணில் ஒரு சாவிக்கொத்து, கறுப்புக் கயிற்றில் ஏழு சாவி. வீட்டில் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். காட்பாடி வீட்டுச் சாவியாக இருக்கும் என்றாள். கொஞ்சம் பொறுத்து அவளே, "அந்த வீட்டுக்குப் பூட்டே கிடையாதேடா" என்றாள்.

சாமியில்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம், கோட்டைக்குள் சாமியில்லாமல் கிடந்த ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு வந்தபோது அம்மாவும் கூட்டத்தில் நின்றிருக்கிறாள். அது எந்தக் கோயிலுக்குரியது என்று சொல்ல ஊரில் ஆள் இருந்தது. இந்தச் சாவிக்கு ஒருவரும் இல்லை.

பழைய சாமான் வண்டிக்காரர் நாளை வருகிறார். பாட்டில்கள் போகும், ஜாடி என்னோடு இருக்கும். சாவிக்கொத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். பாதி நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன் நீ, ஏதாவது ஞாபகம் வருகிறதா பார். உன் அம்மாவிடமும் காட்டு. எங்கம்மாவும் அவர்களும் திண்ணையில் பேசாத பேச்சா? அவர்களுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா?

அன்புடன்,
உன் கொசப்பேட்டைக்காரன்