யூவின் தலையில் ஒரு தொப்பி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரெஞ்சு கற்பவர்களுக்காக நீங்கள் வெளியிடும் பகுதியை முதல் வாரத்திலிருந்தே கத்தரித்து நோட்டில் ஒட்டி வருகிறேன். சென்ற வாரம் முன்னரே முடிந்துவிட்டதைச் சொல்லும் 'ப்ளூஸ்-க-பார்ஃபே' காலத்தின் சுப்ஜோன்க்திஃப் வடிவத்தை, அதாவது நடக்காததையும் நினைப்பதையும் சொல்லும் வடிவத்தை, எடுத்துக்கொண்டு, 'பாடு' என்ற வினைக்கு ஆறு வரி அட்டவணை போட்டிருந்தீர்கள். அதில் 'அவன், அவள்' வரியில் துணைவினை தொப்பி இல்லாமல் அச்சாகியிருக்கிறது. ஈ, யூ, டீ என்ற மூன்று எழுத்துகளில் நடுவில் நிற்கும் யூவின் தலைமேல் கூரை போல ஒரு குறி இருக்க வேண்டும். அச்சுப்பிழைதானே என்று விட்டுவிடலாம். என்னால் முடியவில்லை. அதற்கு ஒரு பழைய அவமானம் காரணம்.

பிரெஞ்சுக் கதைகளைத் தமிழாக்கத் தொடங்கிய புதிதில், 19ஆம் நூற்றாண்டுச் சிறுகதை ஒன்று கைக்கு வந்தது. ஒரு கிழவி தனியறையில் தூங்குகிறாள். அங்கே 'ஓன் நூ தி' என்றொரு தொடர், அதையடுத்துக் 'குழந்தை' என்ற சொல். 'பார்த்தால் குழந்தை என்றே சொல்லியிருப்பீர்கள்' என்பது பொருள். அதில் 'நூ' என்று ஒலிப்பது அதே ஈ, யூ, டீதான். நான் தொப்பியைப் பார்க்கவில்லை. 'குழந்தை என்று ஒருவர் சொன்னார்' என்று எழுதிவிட்டேன். கைப்பிரதியைப் படித்த நண்பர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: "அறையில் கிழவியைத் தவிர யாருமே இல்லையே, யார் அந்த ஒருவர்?"

அந்த ஒருவரை உள்ளே விட்டது தொப்பியைக் கவனிக்காத என் கண்தான். தொப்பி இல்லாமல் எழுதினால் அது வேறு காலம், பாஸே ஆந்தேரியர். 'அவன் பாடி முடித்ததும்' என்று, உண்மையில் நடந்து முடிந்ததைச் சொல்லும். தொப்பியோடு எழுதினால் 'அவன் பாடியிருந்தால்' என்று நடக்காததைச் சொல்லும். காதுக்கு இரண்டும் ஒன்றே. உதட்டை ஊகாரத்துக்குக் குவித்துக்கொண்டு நாக்கால் ஈகாரம் சொன்னால் வருகிற அதே ஒலி. வேற்றுமை முழுக்கக் கண்ணுக்குத்தான். மெய்யெழுத்தின் புள்ளியை விட்டு எழுதிய ஓலைச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். அங்கே பொருளைப் பார்த்துப் புள்ளியை ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் அட்டவணையை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு ஊகிக்க எதுவும் இல்லை.

தொப்பியின் கதையும் சுவையானது. முன்பு அந்தச் சொல்லில் ஓர் 'எஸ்' இருந்தது. வாயில் அது மறைந்தபின்னும் ஏட்டில் வெகுகாலம் நின்றது. பிரெஞ்சு அகாதெமி 1740இல் வெளியிட்ட அகராதிப் பதிப்பில் இப்படிப்பட்ட மௌன எஸ்கள் பலவற்றை எடுத்துவிட்டுத் தொப்பி வைத்தது. மருத்துவமனையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் அப்படித்தான் எஸ்ஸை இழந்தது. நம் ஆஸ்பத்திரியில் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது! 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ எழுத்துகளின் மேலிருந்த தொப்பிகளைப் பெரும்பாலும் கட்டாயமில்லை என்று தளர்த்தியது. ஆனால் இந்த வினைவடிவம் உள்ளிட்ட சிலவற்றுக்குக் கண்டிப்பாக விலக்கு அளித்தது. சீர்திருத்தக்காரர்களே தொட அஞ்சியதை உங்கள் அச்சகம் கழற்றிவிட்டது.

அட்டவணைக்குக் கீழே, 'பிரெஞ்சுக்காரர்களே கைவிட்ட வடிவம், மாணவர்கள் தாண்டிப் போகலாம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேச்சைப் பொறுத்தவரை சரி. இன்று எவரும் சாப்பாட்டு மேசையில் இப்படிப் பேசுவதில்லை. 1976 டிசம்பரில் பிரான்சின் கல்வி அமைச்சகமே, தேர்வில் இதற்குப் பதிலாக சுப்ஜோன்க்திஃபின் எளிய 'பாஸே' வடிவத்தை எழுதினால் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. ஆனால் பழைய நூல்களைப் படிப்பவர் எப்படித் தாண்டிப் போவது? கிளியோபாட்ராவின் மூக்கு இன்னும் குட்டையாக இருந்திருந்தால் உலகின் முகமே மாறியிருக்கும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பஸ்கால் எழுதினாரே, அந்த 'இருந்திருந்தால்' இதே வடிவம்தான். 'மாறியிருக்கும்' என்ற பாதிக்கு அவர் சாதாரண வடிவத்தையே வைத்தார். அங்கேயும் இதை வைத்திருக்கலாம், இலக்கணம் இடம் தருகிறது. பழைய இலக்கண நூல்கள் அந்த இரண்டாம் வேலைக்குத் தனிப்பெயர் சூட்டித் தனி அட்டவணையும் போட்டு மாணவர்களை வீணாகப் பயமுறுத்தின. பார்த்தால் அதே ஆறு வரிகள்!

பெயர்தான் மிரட்டுகிறது. சுப்ஜோன்க்திஃபின் இறந்தகாலத்தைத் துணைவினை இல்லாமல் நேராக எழுத ஒவ்வொரு வினைக்கும் வேறு அடிச்சொல் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் உண்மையான தலைவலி. ப்ளூஸ்-க-பார்ஃபேயில் அந்தப் பாரத்தை 'அவுவார்' (உடைத்தாயிரு), 'எத்ர்' (இரு) என்ற இரண்டு துணைவினைகள் சுமந்துகொள்கின்றன. அவுவாருக்கு ஊஸ், ஊஸ், ஊ, ஊஸியோன், ஊஸியே, ஊஸ். முன்னால் ஃப் சேர்த்தால் எத்ருக்கும் ஆயிற்று. மொத்தம் பன்னிரண்டு. பிறகு எந்த வினையின் எச்ச வடிவத்தையும் ஒட்டிக்கொள்ளலாம். தமிழில் நாம் 'இரு' என்ற ஒற்றைத் துணைவினையால் செய்வதுதான் இது. நமக்கு இன்னும் சௌகரியம், 'பாடியிருந்தால்' என்பது நானுக்கும் நீக்கும் அவர்களுக்கும் மாறுவதே இல்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது, 'வா' என்ற வினையையும் சேர்த்துக் கொடுங்கள். அது எத்ரோடு வரும். அந்த அட்டவணையில் 'நான்' வரியை ஆண் எழுதினால் ஒரு விதம். என்னைப் போன்ற பெண் எழுதினால் கடைசியில் இன்னொரு ஈ சேரும், காதில் விழாது. தயவுசெய்து அதையும் அச்சகத்தில் தொலைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பென்சில் குறிப்பை இன்னும் வைத்திருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர்